தரையோடு தரையாக

ஒலாயாவுக்கு மகள் மேல் இருந்த கோபமெல்லாம் தூக்கத்தைப் பற்றியதுதான். பதினேழு வயதுப் பெண், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுகிறாள். ராத்திரி சாப்பிட எழுப்பினால் பசியில்லை என்கிறாள். சனி, ஞாயிறென்றால் மதியம் தாண்டியும் போர்வைக்குள்ளிருந்து தலை வெளியே வருவதில்லை. ஆப்பிள் கிட்டங்கியில் பொழுதுக்கும் நின்றபடி, ஓடுகிற பெல்ட்டிலிருந்து அழுகலைப் பொறுக்கிப் பொறுக்கி, விரல் விறைத்துப்போய் வீட்டுக்கு வருகிற ஒருத்திக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருமா, வராதா?

"மகாராணிக்கு இன்னும் விடியலையா?" என்று போர்வையைப் பிடித்து இழுப்பாள்.

"அம்மா, கொஞ்ச நேரம் விடும்மா."

"என்னத்த விடறது? உன் வயசுல எல்லை தாண்டறப்ப நான் பாலைவனத்துல மாடு குடிக்கிற தொட்டியில வாய வெச்சுத் தண்ணி குடிச்சு வந்தவ. பாதத்துல தோலு கிடையாது. அப்பக்கூட நான் இப்படிப் படுக்கலடி. உனக்கு மெத்தை இருக்கு, ஹீட்டர் இருக்கு, இந்த மண்ணுல பொறந்ததுக்குப் பேப்பர் இருக்கு. அப்புறம் எங்கேருந்துடி வருது இந்தச் சோகம்?"

"தெரியலம்மா" என்பாள் சித்லாலி. அந்தப் பதில் ஒலாயாவுக்கு ஆகவே ஆகாது. காரணம் சொன்னாலாவது சண்டை போடலாம். தெரியாது என்பவளிடம் யார் மல்லுக்கட்டுவது?

அதற்காக ஒலாயாவைக் கல்நெஞ்சுக்காரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கக் காலைப் பிடித்துவிடுகிறவள்தான். ஆனால் காய்ச்சலுக்குச் சூடு இருக்கும், தொட்டால் தெரியும். இதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை நோய் என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு எவரும் கற்றுக்கொடுத்ததில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மிச்சோவகானில் அவள் பிறந்த வீட்டில் துக்கம் வந்தால் சோளத்தை அரைப்பார்கள். அரைத்து முடிக்கும்போது துக்கம் போகாவிட்டாலும் மாவாவது மிஞ்சும்.

சித்லாலியின் மனதுக்குள் என்ன ஓடியதென்று பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். கண்ணெதிரில்தானே எல்லாம் நடந்தது! இங்கிலீஷ் தெரியாத வீட்டில் ஏழு வயதிலிருந்து அவள்தான் வாய். வீட்டுக்காரனிடம் பேசுவது அவள், மின்சாரக் கம்பெனியிடம் கெஞ்சுவது அவள். ஒலாயாவின் வயிற்றிலிருந்த இரண்டாவது குழந்தைக்கு நெஞ்சு துடிக்கவில்லை என்று டாக்டர் சொன்னபோது, அதைத் தாயிடம் எடுத்துச் சொன்னதும் அவள்தான். அப்போது ஒன்பது வயது. சொல்லிவிட்டு, "அம்மா, நான் சரியாத்தான் சொன்னேனா தெரியல, இன்னொரு தரம் கேக்கட்டுமா?" என்றாள்.

அப்புறம் அந்த மத்தியான போன். பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்ததும் தினமும் கிட்டங்கிக்கு அழைப்பாள். "சாப்பிட்டியாம்மா?" அவ்வளவுதான், வைத்துவிடுவாள். தன் சோற்றைத் தொடாத பெண் தாயின் சோற்றை விசாரிக்கிறாளே என்று ஒலாயா பக்கத்தில் நிற்பவர்களிடம் பெருமை பேசுவாள். தாய் இன்னும் அங்கேதான் இருக்கிறாளா, பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா என்று பார்க்கத்தான் மகள் கூப்பிடுகிறாள் என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவேயில்லை.

ஒலாயாவுக்கும் அவள் புருஷன் அபுந்தியோவுக்கும் இந்த நாட்டில் இருப்பதற்குப் பேப்பர் கிடையாது. அபுந்தியோ தோட்டங்களில் ஆப்பிள் மரம் கவாத்து செய்கிறவன். யாக்கிமா பள்ளத்தாக்கில் அவன் ஏணி சாத்தாத தோப்பு இல்லை. ஆனாலும் இந்த நாட்டின் கணக்கில் அவன் இல்லாத ஆள். அதனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கதவைத் தட்டினால், ஆளாளுக்கு இருந்த இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். மூச்சு விடுகிற சத்தம்கூட வெளியே போகக் கூடாது. சித்லாலிக்கு நாலு வயதாக இருந்தபோது ஒலாயா இதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தாள். செத்த எலி விளையாட்டு என்று பேர். கடைசி வரை அசையாத எலிக்குப் புளி மிட்டாய். சித்லாலி ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ஒருமுறை மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையாமல் கிடந்ததை அபுந்தியோ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

கார்த்திகை மாதக் குளிர் இறங்கியபோது பெண் பாதியாக இளைத்திருந்தாள். ஒலாயா அவளை ருஃபினாவிடம் இழுத்துப் போனாள். ருஃபினா இரண்டு தெரு தள்ளி இருப்பவள், சித்லாலியின் ஞானத்தாய். அந்த உறவால் அவளும் ஒலாயாவும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ருஃபினாவிடம் பயமில்லாமல் இங்கே இருந்துகொள்ளப் பச்சை அட்டை இருந்தது, வைத்தியமும் இருந்தது.

"பயந்தகோளாறுதான், வேற ஒண்ணுமில்ல" என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டாள் ருஃபினா. "எதையோ பார்த்துப் பயந்திருக்கா. உயிர்ல பாதி அந்த எடத்துலயே தங்கிருச்சு."

"எந்த எடத்துல கொமாத்ரே?"

"அது எனக்கெப்படித் தெரியும்? முட்டையைக் கேட்டாத்தான் தெரியும்."

அருவதா இலையால் உச்சி முதல் பாதம் வரை வருடினாள். பச்சை முட்டையால் உடம்பெல்லாம் தடவி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் உடைத்து ஊற்றினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"பாரு, பாரு, கண்ணு மாதிரி தெரியுதில்ல?" என்றாள் ருஃபினா.

"ஆம்லெட் மாதிரி தெரியுது ஞானம்மா" என்றாள் சித்லாலி.

மூவரும் சிரித்துவிட்டார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மகள் சிரித்ததைப் பார்த்த ஒலாயாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முட்டை வேலை செய்துவிட்டது என்றே நம்பினாள். அன்றைக்கு ராத்திரி சித்லாலி ஒரு சோள அடை சாப்பிட்டாள். மறுநாள் பழையபடி போர்வை.

தை பிறந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே அங்கே ஒரு அம்மாள் இருந்தாள், பர்ரகான் மிஸ். பாட்டன் காலத்தில் டெக்சாசுக்கு வந்த குடும்பம். அவளுடைய ஸ்பானிஷ் கொஞ்சம் நொண்டும், ஆனால் மனசு நல்ல மனசு.

"ஒலாயாம்மா, இது சோம்பேறித்தனம் இல்ல. இது ஒரு வியாதி. டாக்டர்கிட்ட காட்டணும். மருந்து இருக்கு, சரியாயிடும்."

"என் பொண்ணுக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா மிஸ்?"

"அய்யோ, அப்படிச் சொல்லல. ரொம்ப நாளா பயந்து பயந்து மனசு களைச்சுப் போச்சு. உங்க ரெண்டு பேரையும் பத்தித்தான் எப்பப் பார்த்தாலும் பேசறா."

எங்களைப் பற்றியா? வீட்டு விஷயத்தை இவளிடம் எதுவரை கொட்டியிருக்கிறாளோ! "டாக்டர்கிட்ட போனா அவங்க அப்பா பேரு, வேலை பண்ற எடம் எல்லாம் கேப்பாங்களா?"

"கேப்பாங்கதான். ஆனா அத யார்கிட்டயும்..."

"அப்ப வேணாம் மிஸ். வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

கிளம்பும்போது, வெளியே காத்திருந்த சித்லாலியின் கையில் மிஸ் தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தாள். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, எந்த நாளானாலும் சரி என்றாள். காருக்குப் போகும் வழியெல்லாம் ஒலாயா மகளைத் திட்டிக்கொண்டே போனாள். "ஊரான்கிட்ட போயி அப்பன் ஆத்தா கதைய அவுத்து விடுவியா? நாளைக்கு அவரத் தூக்கிட்டுப் போனா நீயா சோறு போடுவ?" சித்லாலியின் முகம் வெளுத்ததை ஒலாயா கவனித்தாள். உறைக்கட்டும் என்று நினைத்தாள்.

மாசியில் கீழ்ப் பள்ளத்தாக்கில் குடியேற்ற அதிகாரிகள் பேப்பர் இல்லாதவர்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவனைக் கடை வாசலில் வைத்தே கொண்டுபோனார்கள். ருஃபினாவின் போனில் நிமிஷத்துக்கு ஒரு சேதி. அதில் ஒன்று எல்லோரையும் குலை நடுங்க வைத்தது. ஒரு வீட்டில், "உங்க பிள்ளையோட பள்ளிக்கூடத்துலேருந்து வர்றோம்" என்று சொல்லித்தான் கதவைத் திறக்க வைத்தார்களாம். பிள்ளையின் பேரைக்கூடச் சரியாகச் சொன்னார்களாம்.

"பேரு சொன்னாலும் திறக்காத கொமாத்ரே. ஏசுவே வந்து நின்னாலும் திறக்காத" என்றாள் ருஃபினா.

அந்தச் சனிக்கிழமை பனி முழங்கால் உயரம் கிடந்தது. கவாத்து வேலை இல்லை. அபுந்தியோ கூடத்தில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். ஒலாயா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சித்லாலி தன் அறையில் இருந்தாள். கொஞ்ச நேரம் முன்பு அவள் யாரிடமோ மெல்லிய குரலில் போன் பேசியது கேட்டது. சிநேகிதியாக இருக்கும், எழுந்து பேசுகிறாளே, அதுவே போதும் என்று ஒலாயா விட்டுவிட்டாள்.

பிறகு வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். கதவு தட்டப்பட்டது.

ஒலாயா திரைச்சீலை இடுக்கில் ஒரு கண்ணை வைத்தாள். இடுப்புப் பட்டை, துப்பாக்கி உறை, சீருடை. அதற்குமேல் பார்க்கவில்லை. திரும்பி ஒரு கையசைப்புத்தான். அபுந்தியோ பூட்ஸோடு சோபாவுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தான். அவளும் மடித்த துணிகளின் மேலேயே படுத்துக்கொண்டாள்.

"சித்லாலி!" என்றது வெளியே ஒரு பெண் குரல், ஸ்பானிஷில். "சித்லாலி, கண்ணு, பள்ளிக்கூடத்துலேருந்து வந்திருக்கேன். கதவைத் திற."

அப்படியே ருஃபினா சொன்ன மாதிரி! அடப் பாவிகளா, என் பெண்ணின் பேரைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறார்களே! ஒலாயா மெதுவாகத் தலையைத் திருப்பி நடைப்பக்கம் பார்த்தாள்.

அறை வாசலில் சித்லாலி தரையில் கிடந்தாள். ஆனால் சரியாகக் கிடக்கவில்லை. முழங்கையை ஊன்றி அரைவாசி எழுந்திருந்தாள். முகம் வாசல் கதவைப் பார்த்திருந்தது. வாய் திறந்திருந்தது, ஏதோ சொல்லப்போகிறவள் மாதிரி.

ஒலாயா உதட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு முகவாயால் சோபாவுக்குப் பின்பக்கம் காட்டினாள். அப்பாவைப் பார் என்று அர்த்தம்.

சித்லாலி அப்பாவைப் பார்த்தாள். முகத்தைத் தரைக்குள் புதைத்துக்கொண்டு, கையில் பூட்ஸைப் பிடித்தபடி, அவளைத் தோளில் தூக்கித் திரிந்த அந்த மனிதன் நடுங்கிக்கொண்டிருந்தான். அவள் வாய் மூடியது. முழங்கையை மடக்கி, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டாள். கண்கள் மட்டும் தாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

வெளியே இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். ஜன்னலைத் தட்டினார்கள். பிறகு பனியில் காலடிச் சத்தம் விலகியது, கார் கிளம்பிப் போனது.

வெகுநேரம் கழித்துத்தான் அபுந்தியோ எழுந்தான். ஒரு கன்னமெல்லாம் பூட்ஸ் பசை. அதைப் பார்த்து ஒலாயாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பயம் விட்டுப்போன சிரிப்பு, அடக்க முடியவில்லை.

"உன் பொண்ணப் பார்த்தியா? தங்கம்யா அவ. எவ்ளோ கூப்பிட்டாங்க, ஒரு சத்தம் வரலையே!"

"எம் பொண்ணாச்சே" என்றான் அபுந்தியோ.

ஒலாயா அடுப்பைப் பற்றவைத்துப் பட்டை போட்டு சாக்லேட் காய்ச்சினாள். மகளைத் திட்டிய திட்டெல்லாம் அப்போது அவள் நினைவுக்கு வந்தது, மனசு இளகியது. கோப்பையை எடுத்துக்கொண்டு போனால் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"கண்ணு, சாக்லேட் கொண்டாந்திருக்கேன்."

"தூங்கறேன்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எத்தனையோ மாதத்தில் முதல் தடவையாக ஒலாயா சண்டை போடவில்லை. "தூங்கு கண்ணு, நல்லாத் தூங்கு" என்றாள். கோப்பையைக் கதவோரம் வைத்துவிட்டு, ஆறிப்போகாமலிருக்க ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

பொழுது சாய்கிற நேரம் பின்பக்கக் கதவில் ருஃபினாவின் குரல் கேட்டது. "நான்தான்டி, திற." மூச்சு வாங்க உள்ளே வந்தாள். பனியில் நடந்து வந்திருந்தாள்.

"ஏண்டி, வீட்டுல இருந்துக்கிட்டே ஏன் திறக்கல? அந்த மிஸ் என் வீட்டு வாசல்ல வந்து நின்னாளே!"

"எந்த மிஸ்?"

"பள்ளிக்கூடத்து மிஸ்தான். உம் பொண்ணு அவளுக்கு போன் பண்ணாளாம். என்ன நெனச்சா எனக்கே பயமா இருக்கு, என்னமோ ஆயிடும் போல இருக்கு, வாங்கன்னு அழுதாளாம். இந்த மாதிரி போன் வந்தா தனியாப் போகக் கூடாதாம், போலீஸக் கூட்டிட்டுத்தான் போகணுமாம், அதான் சட்டமாம். தட்டித் தட்டிப் பார்த்துட்டு, பள்ளிக்கூடத்து ஃபார்ம்ல எம் பேரும் இருக்குல்ல, எங்கிட்ட வந்தா. உனக்குன்னா திறப்பாங்க, நீ போய்ப் பாருன்னா."

"எப்ப சொன்னா?"

ருஃபினா முக்காட்டை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். "அப்பவே சொன்னா. நான் வந்தா அந்த போலீஸ் வண்டி பின்னாடியே வந்துருமோன்னு, அது தெருவ விட்டுப் போற வரைக்கும் காத்திருந்தேன். போகவே மாட்டேன்னுது கொமாத்ரே..."

ஒலாயா அதற்குள் ஓடியிருந்தாள். கதவோரத்துக் கோப்பை காலில் இடறி உருண்டது.

சித்லாலி கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தாள், ஒரு பக்கமாக, கன்னம் பலகையில் படிய. கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் எங்கோ தூரத்திலிருந்து வருகிற மூச்சு. ஒலாயா கூப்பிட்ட கூப்பாடு தெருமுனை வரை கேட்டது. அபுந்தியோ வந்து மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டான். ருஃபினா ஆம்புலன்சுக்கு போன் போட்டாள்.

"நீ பின்பக்கமாப் போயிடு" என்றாள் ஒலாயா புருஷனிடம். அந்த நேரத்திலும் வாய் அதைத்தான் சொன்னது. "போலீஸும் கூட வரும். போ."

"நான் எங்கயும் போகல. வாசக்கதவத் தொறந்து வையி."

ஆம்புலன்ஸ் வந்தது. போலீஸ்காரனும் வந்தான், மத்தியானம் வந்த அதே ஆள், மீசைகூட முளைக்காத சின்னப் பையன். அவன் அபுந்தியோவிடம் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு வழி விட்டு ஒதுங்கி, பனியில் வழுக்காமலிருக்க முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ரொட்டிக்கடை ஆளைப் பிடித்தவர்களும் சீருடையில்தான் வந்தார்கள். எந்தச் சீருடை எதற்கு வருகிறது என்று திரைச்சீலை இடுக்கில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஆஸ்பத்திரியில் மகளின் வாயில் குழாய் வைத்திருந்தார்கள். டாக்டர் வந்து இங்கிலீஷில் ஏதோ நிறையச் சொன்னார். ஒலாயா வழக்கப்படி சித்லாலியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், என்ன சொல்கிறார் என்று இவள் சொல்லுவாள் என்று. குழாய் செருகிய அந்த முகத்தை அப்படி எதிர்பார்த்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பர்ரகான் மிஸ் தாழ்வாரத்தில் சுவரோரம் நின்றிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"மாத்திரை எதுவும் முழுங்கினேன்னு எங்கிட்ட சொல்லல ஒலாயாம்மா. சொல்லியிருந்தா கதவ ஒடச்சிருப்போம். அப்ப அவ ஒண்ணும் பண்ணியிருக்கல. வரேன்னு சொன்னேன், சரின்னா. வந்தேன். ஏன் திறக்கலன்னுதான் எனக்குப் புரியல. தூங்கிட்டாளா?"

தூங்கவில்லை. முழித்துக்கொண்டுதான் கிடந்தாள். வாயைத் திறந்தாள். நான்தான் மூடினேன். இவ்வளவும் ஒலாயாவின் தொண்டை வரை வந்தது. அவள் அபுந்தியோவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி நாற்காலியில், கன்னத்தில் காய்ந்த பசையோடு, கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். அவனைக் காட்டித்தான் மகளின் வாயை மூடினாள் என்பது அவனுக்குத் தெரியாது. சாகும்வரை தெரியப்போவதில்லை. "ஆமாம் மிஸ், தூங்கிட்டா" என்றாள் ஒலாயா.

இரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள், இனிமேல்தான் வைத்தியம் இருக்கிறது என்று போனில் பேசிய ஒரு மொழிபெயர்ப்புக்காரன் சொன்னான். ஒலாயா கட்டிலோரம் உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெயில் அடித்தது. சித்லாலியின் இமைகள் அசைந்தன. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், நாற்காலியில் கழுத்து சாய்ந்து உறங்கிப்போன அப்பாவைப் பார்த்தாள். அறை வாசலைப் பார்த்தாள்.

உதடு வெடித்திருந்தது. குரல் வரவில்லை. ஒலாயா குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"போயிட்டாங்களா?" என்றாள் சித்லாலி.

"யாரு கண்ணு?"

"நான் சத்தமே போடலம்மா."

ஒலாயா வாய்விட்டு அலறினாள். அபுந்தியோ திடுக்கிட்டு எழுந்தான். தாழ்வாரத்தில் இருந்த நர்சுகளும் காவலாளியும் என்னவோ ஏதோவென்று ஓடி வந்து கதவைத் திறந்தார்கள். அவள் நிறுத்தவில்லை.